நுரையின் மேல் போட்ட பழி

ஷாம்புவைத் தூக்கிப் போடு, கண்டிஷனரை மட்டும் தேய்த்துத் தலைக்குக் குளி, பரட்டை முடி தானாக அடங்கிவிடும். ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள பெண்கள் விடுதிகளிலும், பாகலூர் சாலை பியூட்டி பார்லர்களிலும், அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களின் பேச்சிலும் இது முடிந்துபோன விவகாரம். இந்த முறைக்குக் கோ-வாஷ் என்று பெயர். ‘ஜென்டில்’ என்று ஒரு பட்டமும் உண்டு. தலை அரிக்கிறது என்று ஒருத்தி முனகினால், “பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்” என்று பதில் வருகிறது.

இந்த ஊர்த் தலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது தவறான வைத்தியம் என்பது என் கட்சி. மறுப்பதற்கு முன்னால் எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஷாம்புவில் நுரை தரும் சல்ஃபேட், அழுக்கோடு நிற்காமல் முடிக்கு வேண்டிய எண்ணெய்ப் பசையையும் வழித்துக்கொண்டு போகிறது. அதற்கு மேல் போர் தண்ணீரின் உப்பு. இரண்டுமாகச் சேர்ந்து முடியை நாராக்குகின்றன. கண்டிஷனருக்கும் ஓரளவு அழுக்கெடுக்கும் சக்தி உண்டு. விரலால் நன்றாகத் தேய்த்தால் மீதியும் போய்விடும். நம் பாட்டிமார் ஷாம்புவா போட்டார்கள்? அவர்கள் பின்னல் இடுப்பைத் தாண்டவில்லையா?

இதில் உண்மை கலந்திருக்கிறது. இறுக்கமாகச் சுருண்ட முடி கொண்ட கருப்பின அமெரிக்கப் பெண்களிடையே இந்தப் பழக்கம் வெகுகாலமாக உண்டு. தலைத்தோலில் ஊறும் எண்ணெய் அந்தச் சுருள்களில் வளைந்து வளைந்து நுனிவரை இறங்க முடியாது. முடி எப்போதும் காய்ந்தே கிடக்கும். அவர்களுக்கு இது பொருத்தமான ஏற்பாடு. 2000-களின் தொடக்கத்தில் லொரெய்ன் மாஸி என்ற நியூயார்க் சிகையலங்காரக் கலைஞர் எழுதிய ‘கர்லி கேர்ள்’ புத்தகம், நுரையைத் தள்ளிவைக்கும் கொள்கையைச் சுருட்டை முடிக்காரர் எல்லாருக்கும் கொண்டுபோனது. அங்கிருந்து அது தென்பெண்ணைக் கரைக்கு வந்து சேர்வதற்குள் ‘யாருடைய முடிக்கு’ என்ற கேள்வி உதிர்ந்துவிட்டது. என் ஆட்சேபங்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

1. கோ-வாஷில் முடிக்கு நன்மை செய்வது எது?

கண்டிஷனர்தான், வேறெதுவும் இல்லை. முடியின் மேற்பரப்பில், அதிலும் அடிபட்ட இடங்களில், எதிர்மின்னேற்றம் கூடுதல். கண்டிஷனரில் இருக்கும் செட்ரைமோனியம் குளோரைடு, பெஹன்ட்ரைமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின்னேற்றம் உடையவை, போய் ஒட்டிக்கொள்கின்றன. செட்டைல் ஆல்கஹால் போன்ற கொழுப்புப் பொருள்கள் கூடச் சேர்ந்து மெல்லிய படலமாகப் படிகின்றன. இழையோடு இழை உரசுவது குறைகிறது, சீப்பு சிக்காமல் இறங்குகிறது, பனிக்காலக் காற்றில் முடி சிலிர்த்து நிற்பதும் அடங்குகிறது.

இவ்வளவும் ஷாம்பு போட்டு அலசிய பிறகு கண்டிஷனர் தடவினாலும் நடக்கும். அப்படியானால் ஷாம்புவை விட்டதால் மட்டும் கிடைத்த லாபம் என்ன? அதைக் கேட்டால் யாரும் கணக்குக் காட்டுவதில்லை. நடப்பது இதுதான்: அதுவரை கண்டிஷனரே தொடாமல் பாக்கெட் ஷாம்புவோடு நிறுத்திக்கொண்ட பெண் கோ-வாஷுக்கு மாறுகிறாள். முதல் வாரமே முடி வழவழவென்று ஆகிறது. ஷாம்புவை நிறுத்தியதால் என்று நினைத்துக்கொள்கிறாள். கண்டிஷனரைத் தொடங்கியதால் வந்தது அது. ஒரே நாளில் இரண்டு மாற்றங்களைச் செய்துவிட்டுப் பலனை ஒன்றின் பேரில் மட்டும் எழுதுகிறோம்.

2. காய்ந்திருப்பது தலையா, முடியா?

இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதில்தான் இந்த வைத்தியமே நிற்கிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். இடுப்பைத் தொடும் பின்னலின் நுனிக்கு வயது ஐந்துக்கு மேல். ஐந்து வருட வெயில், சீப்பு, ரப்பர் பேண்ட், அண்ணன் கல்யாணத்துக்குச் செய்த ஸ்ட்ரெயிட்டனிங் எல்லாவற்றையும் அந்த நுனி வாங்கியிருக்கிறது. அது உயிரில்லாத இழை. பட்ட அடியைத் தானாக ஆற்றிக்கொள்ளாது. தலைத்தோல் அப்படியல்ல. உயிருள்ள தோல், இன்றைக்கும் எண்ணெய் சுரக்கிறது, இன்றைக்கும் வியர்க்கிறது. நுனி சருகாகவும் உச்சி பிசுபிசுப்பாகவும் ஒரே தலையில் இருக்கும். நம் ஊரில் பெரும்பாலோருக்கு இருப்பதே அதுதான். நுனிக்கு எழுதிய மருந்துச் சீட்டை உச்சிக்குக் கொடுப்பது எந்த நியாயம்?

உச்சியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மலசீசியா என்ற பூஞ்சை நம் எல்லார் தலையிலும் குடியிருக்கிறது. தலைத்தோல் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. அந்த எண்ணெயை உடைத்து அது வெளிவிடும் கொழுப்பு அமிலங்கள் சிலருக்கு எரிச்சலைக் கொடுக்கின்றன. தோல் செதில் செதிலாக உரிகிறது. பொடுகு என்று நாம் சொல்வது இதை. எண்ணெய் தேங்கத் தேங்க அதற்கு விருந்துதான்.

இனி ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வேலையை நினைத்துப் பாருங்கள். கூத்தனப்பள்ளி மின்னணு ஆலையிலும், போச்சம்பள்ளி மின் ஸ்கூட்டர் ஆலையிலும், சிப்காட்டின் சின்னச் சின்ன பட்டறைகளிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிஃப்டில் நிற்கிறார்கள். பல இடங்களில் முடி வெளியே தெரியாமல் கேப் போட்டாக வேண்டும். ஷிஃப்ட் முடிந்தால் ஹெல்மெட், இல்லாவிட்டால் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ். எம்-சாண்ட் லாரியும் கிரானைட் லாரியும் ஓடும் சாலை. மூடிக்கிடக்கும் தலை, வியர்வை, தூசி, எண்ணெய்.

கோ-வாஷுக்கு மாறிச் சில வாரம் ஆன ஒருத்தியின் வகிட்டைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பின்னல் நுனி நன்றாகவே இருக்கும், அதை மறுக்கவில்லை. வகிட்டை ஒட்டி நகத்தால் லேசாகச் சுரண்டினால் நகக்கண்ணில் வெள்ளையும் பழுப்புமாக ஒன்று ஏறும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் வறண்ட செதில் உதிர்ந்துவிடும். இது உதிராமல் உருளும். எண்ணெயும் கிரீமும் செத்த தோலும் கலந்த பசை அது. பிடரியில் கேப்பின் எலாஸ்டிக் அழுந்தும் கோட்டில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளும் சிலருக்கு இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, “தலை ரொம்ப ட்ரையா இருக்கு, இன்னும் கொஞ்சம் கண்டிஷனர் போடு” என்று யோசனை சொல்கிறவர்களையும் கண்டிருக்கிறேன்.

3. “பழகுற வரைக்கும்” என்றால் எது வரைக்கும்?

ஷாம்பு போடுவதால்தான் தலை அதிகமாக எண்ணெய் சுரக்கிறது, நிறுத்தினால் சுரப்பு குறைந்துவிடும் என்கிறார்கள். எண்ணெய்ச் சுரப்பிகளை முக்கியமாக நடத்துவது உடம்பிலுள்ள ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். நாம் என்ன பூசி அலசுகிறோம் என்று அவை காத்துக்கொண்டிருப்பதில்லை. பலன் கிடைத்தால் முறை ஜெயித்தது, கிடைக்காவிட்டால் இன்னும் பழகவில்லை: தோற்கவே முடியாத இப்படி ஒரு வாதத்தை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் விற்கலாம்.

4. தேங்காய் எண்ணெயை யார் எடுப்பது?

எண்ணெய் தேய்க்காத தலைகளை மனதில் வைத்து எழுதிய முறை இது. இங்கே ராத்திரி எண்ணெய் தேய்த்து, காலையில் தலைக்குக் குளிக்கும் வீடுகள் இன்னும் ஏராளம். அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் முடியிழைக்கு உள்ளேயே இறங்குகிறது. கழுவும்போது புரதம் கழன்று போவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. (ஆய்வு செய்தவர்கள் பாரசூட் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.) உள்ளே இறங்கியது இருக்கட்டும், வெளியே மிஞ்சிய எண்ணெய் போக வேண்டும். அதை எடுக்கக் கண்டிஷனருக்கு வலு போதாது. அந்த எண்ணெயின் மேல் கண்டிஷனர் படலம், அதன் மேல் அடுத்த முறை எண்ணெய். சிலிகோன் கலந்த கண்டிஷனராக இருந்தால் அதுவும் ஓர் அடுக்கு. ‘முடி கனமா இருக்கு, எழும்பவே மாட்டேங்குது’ என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது.

5. தண்ணீர்தான் குற்றவாளி என்றால், தண்டனை ஏன் ஷாம்புவுக்கு?

ஓசூர்க்காரரின் முதல் புகார் தண்ணீர்தான். ஆதாரமும் கையிலேயே இருக்கிறது: புதிதாக வாங்கிய ஹீட்டர் ராடு சீக்கிரமே சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுத்துவிடுகிறது, குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்கு. கிருஷ்ணகிரி மாவட்டம் கரும்பாறை நிலம். ஆழ்துளைக் கிணறு எங்கெங்கோ இருக்கும் பாறை வெடிப்புகளிலிருந்து நீரை இழுக்கிறது. கால்சியம், மெக்னீசியம், சில இடங்களில் ஃபுளோரைடு எல்லாம் கூட வருகின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பல்லையும் எலும்பையும் ஃபுளோரைடு கெடுத்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது; 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, மாற்று ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அது குடிக்கிற தண்ணீருக்கு. குளியலறை டேங்கில் ஏறும் தண்ணீரை யாரும் அளப்பதில்லை.

சரி, இந்தத் தண்ணீர் முடியை எவ்வளவு கெடுக்கிறது? கோவை பி.எஸ்.ஜி. மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், 15 பேரின் முடியைக் கடின நீரிலும் காய்ச்சி வடித்த நீரிலும் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக 30 நாள் ஊறவைத்துப் பார்த்தார்கள். இழையின் வலுவிலும் இழுபடும் தன்மையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அதில் பயன்பட்ட நீரின் கடினத்தன்மை 212 சொச்சம். சில போர்களில் அதைவிடக் கூடுதல் இருக்கலாம். இழை மெலிகிறது, வலு குறைகிறது என்று சொன்ன வெளிநாட்டு ஆய்வுகளும் உண்டு. ஆகவே தண்ணீர் நிரபராதி என்று நான் தீர்ப்பெழுதப் போவதில்லை. கால்சியம் முடியில் ஒட்டுவதும், முடி சொரசொரப்பாவதும் கையில் தெரிகிற சங்கதி.

ஆனால் உப்புத் தண்ணீரின் பழைய கூட்டாளி ஷாம்பு அல்ல, சோப்பு. சோப்பும் கால்சியமும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத பிசுக்கு உண்டாகும். பக்கெட்டின் விளிம்பில் சாம்பல் நிற வளையமாகத் தங்குவது அதுதான். மேனிக்குப் போடும் சோப்பையே தலைக்கும் தேய்க்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில், குறிப்பாக ஆண்களிடம், இன்னும் போகவில்லை. அந்தப் பிசுக்கு முடியில் படிகிறது. சோப்பின் காரம் முடியின் மேல் செதில்களைத் தூக்கிவிடுகிறது. பரட்டைக்கு வேறு காரணம் தேடவே வேண்டாம். சல்ஃபேட் ஷாம்பு கடின நீரிலும் அப்படித் திரிந்து பிசுக்காவதில்லை. ஷாம்பு சோப்பை முந்தியதற்கு அது ஒரு காரணம். உப்புத் தண்ணீர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, உப்புத் தண்ணீருக்குத் தோதான பொருளையே திட்டுகிறோம்.

இன்னொன்று. முடியில் ஒட்டிய கால்சியத்தைக் கோ-வாஷ் எடுக்காது. எடுக்க வேண்டுமானால் அதைப் பிடித்து இழுக்கும் ஈ.டி.டி.ஏ. போன்ற பொருளோ சிட்ரிக் அமிலம் போன்ற புளிப்போ போதிய அளவில் வேண்டும். அதற்கென்றே வரும் ஷாம்புகள் உண்டு. பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தால் தெரியும். ஷவரில் மாட்டும் சின்ன ஃபில்டரும் கடினத்தன்மையைக் குறைக்காது. அவற்றில் பல குளோரினைப் பிடிக்கச் செய்தவை. போர் தண்ணீரில் குளோரின் ஏது?

6. பாட்டியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

சீயக்காய் நுரைக்காது என்று சொல்கிறவர் அதைத் தேய்த்துக் குளித்தவராக இருக்க முடியாது. நுரை குறைவு, அவ்வளவுதான். சீயக்காயிலும் அரப்பிலும் பூந்திக்கொட்டையிலும் இருக்கும் சப்போனின்கள் எண்ணெயைப் பிடித்துத் தண்ணீரோடு அனுப்பும் சரக்கு. வேலையில் ஷாம்புவின் உறவு, கண்டிஷனரின் உறவு அல்ல. எண்ணெயை எடுப்பதில் சீயக்காய் சாதாரணப்பட்டதும் அல்ல. முடி மொடமொடத்துப் போகும் என்பதால்தான் வடிகஞ்சியில் அதைக் கரைத்தார்கள், செம்பருத்தி இலையையும் வெந்தயத்தையும் அரைத்துச் சேர்த்தார்கள். அழுக்கெடுக்க ஒன்று, வழவழப்புக்கு ஒன்று என்று பாட்டி இரண்டையும் வைத்திருந்தாள். முதலாவதைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்கிறவர்கள் அவளைத் துணைக்குக் கூப்பிடுவது வேடிக்கை.

7. நுரையைக் கண்டு இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது?

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: இந்தப் பயத்தில் பாதி கெலவரப்பள்ளி அணையிலிருந்து வந்தது. பெங்களூரின் கழிவு கலந்த தென்பெண்ணை நீர் அணையிலிருந்து திறக்கப்படும்போது, வெள்ளை நுரை மலைபோலக் குவிவதை ஓசூர்க்காரர்கள் பல வருடமாகப் பார்க்கிறார்கள். நந்திமங்கலம் பக்கம் தரைப்பாலத்தையே மூடிப் போக்குவரத்தை நிறுத்தியிருக்கிறது அந்த நுரை. நாற்றம் வேறு. அதைக் கண்ட கண்ணுக்கு நுரை என்றாலே நஞ்சாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அது சுத்திகரிக்கப்படாத சாக்கடையின் நுரை. அதைக் கேட்க வேண்டிய இடம் கர்நாடக அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் பசுமைத் தீர்ப்பாயமும். உங்கள் குளியலறை மாடத்தில் இருக்கும் ஷாம்பு பாக்கெட்டிடம் கேட்டுப் பயனில்லை.

சல்ஃபேட்டால் புற்றுநோய் வரும் என்பது 1990-களின் கடைசியில் மின்னஞ்சலில் கிளம்பிய வதந்தி. அளவுக்கு மேல் போட்டாலோ அலசாமல் விட்டாலோ தோல் எரியும், காயும், அது உண்மை. அதற்காக ‘சல்ஃபேட் ஃப்ரீ’ என்ற எழுத்தைப் பார்த்ததும் நிம்மதி அடைய வேண்டாம். என்ன இல்லை என்று அது சொல்கிறது. என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. அப்படிப்பட்ட பல ஷாம்புகளில் இருக்கும் ஓலிஃபின் சல்ஃபோனேட், எண்ணெயை வழிப்பதில் சல்ஃபேட்டுக்கு இளைத்தது அல்ல.

8. ‘ஜென்டில்’ என்று பட்டம் கொடுத்தது யார்?

விற்கிறவர். அமெரிக்காவில் ‘வென்’ என்ற பெயரில் வந்த கிளென்சிங் கண்டிஷனர் நுரையில்லாத, மென்மையான சரக்கு என்றுதான் விற்கப்பட்டது. முடி கொட்டுகிறது, தலை அரிக்கிறது என்று அதைத் தயாரித்து விற்ற நிறுவனங்களுக்கே 21,000-க்கு மேற்பட்ட புகார்கள் போயிருந்ததை, அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் விசாரணையில் கண்டது. 2016-இல் பொதுமக்களை எச்சரித்தது. அந்த நிறுவனங்கள் மேல் போடப்பட்ட வழக்கு 2 கோடியே 62 லட்சம் டாலருக்கு மேலான சமரசத்தில் முடிந்தது. முடி கொட்டியதற்கு அதுதான் காரணம் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நுரை இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

9. செலவு.

கடலூர் சின்னி கிருஷ்ணன் பாக்கெட்டில் அடைக்கும் வித்தையைக் காட்ட, அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவோடு இறங்க, தலைக்குக் குளிப்பது ஒரு ரூபாய்ச் சமாச்சாரம் ஆனது தமிழ்நாட்டில். கோ-வாஷுக்குக் கை நிறைய வேண்டும். ஒரு தடவைக்கு 30 மில்லி என்றாலும் 250 மில்லி பாட்டில் எட்டுக் குளியலில் காலி. அந்தக் கிரீமை அலசி எடுக்கத் தண்ணீரும் நேரமும் கூட வேண்டும். காலை ஷிஃப்டுக்கு இருட்டோடு கிளம்ப வேண்டிய பெண்ணுக்கு, வெளியே நாலு பேர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் விடுதிக் குளியலறையில், ஒரு பக்கெட்டுக்கு மேல் தண்ணீர் கிடைப்பதில்லை. அரைகுறையாக அலசிய கிரீம் தலையிலேயே காய்கிறது.

அப்படியானால் கோ-வாஷ் யாருக்குமே ஆகாதா? ஆகும். ஸ்ப்ரிங் மாதிரி இறுகச் சுருண்ட முடி, எண்ணெய் அதிகம் ஊறாத தலை, தேங்காய் எண்ணெய் தேய்க்காத வழக்கம், பொடுகு இல்லை: இந்த நான்கும் பொருந்துகிறவர் தாராளமாகச் செய்யலாம். நடுநடுவே ஒரு தடவை ஷாம்பு போட்டுக்கொண்டால் அவருக்கும் நல்லது.

மற்றவர்கள் செய்ய வேண்டியது சிக்கலானது அல்ல. எண்ணெய் தேய்ப்பதானால் குளிப்பதற்கு முன் நுனிப்பக்கம் தேயுங்கள். ஷாம்புவை மக்கில் தண்ணீர் விட்டுக் கரைத்து உச்சியிலும் பிடரியிலும் மட்டும் தேயுங்கள். வழிந்து இறங்குகிற நுரை நுனிக்குப் போதும். கண்டிஷனரைக் காதுக்குக் கீழே மட்டும் தடவுங்கள். குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் ஒரு குடம் பிடித்து வைத்துக் கடைசி இரண்டு மக் அதை ஊற்றுங்கள். மேனி சோப்பைத் தலையில் வைக்காதீர்கள். ஸ்ட்ரெயிட்டனிங் செய்து கருகிய நுனியை எந்த பாட்டிலும் திருப்பித் தராது; வெட்டுவது ஒன்றுதான் வழி.

இதற்குப் பிறகும் அரிப்பும் செதிலும் நீடித்தால் அது தோல் மருத்துவர் பார்க்க வேண்டிய நோய். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காண்பிக்கக் காசு வேண்டாம். ஒரு கோ-வாஷ் பாட்டிலின் விலையில் பஸ்ஸுக்குப் போக மீதியும் இருக்கும்.